வரைய வராதவற்றின் பட்டியல்

மதுரைக்காரர் ஒருவர். பகலில் ஒரு கூட்டுறவு வங்கியில் கேஷியர், இரவில் காமிக்ஸ் ஓவியர். இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது. அதனாலேயே லட்சியம் அதிகம். அவருடைய நோட்டில் நான்கு காமிக்ஸ்கள் வரிசையில் நிற்கின்றன. நான்குக்கும் தலைப்பு உண்டு, அட்டைப்படம் உண்டு, கடைசிப் பக்கத்துக்கான ‘தொடரும்’கூட அழகான எழுத்தில் தயார். ஆரம்பிப்பதுதான் பாக்கி. எதை ஆரம்பிப்பது?

முதலில் நிற்பது ‘பொன்னியின் செல்வன்’. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1950 முதல் 1954 வரை கல்கி வாராவாரம் எழுத, மணியம் படம் போட்டார். மொத்தம் ஐந்து பாகம். தினம் ஒரு பக்கம் போட்டால் ஓய்வு பெறுவதற்குள் முடித்துவிடலாம் என்று நம்மவர் கணக்குப் போட்டார். ஆனால் கதை தொடங்குவதே வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரைமேல் வருவதில்தான். குதிரையின் பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. காலை மறைக்கப் புல் வளர்த்தார். புல் வயிறுவரை வளர்ந்தது. அக்கா மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, அவரு ஏன் நாய் மேல உக்காந்திருக்காரு?” என்றாள்.

சோழ சாம்ராஜ்யம் அன்றிரவே ஒத்திவைக்கப்பட்டது.

இரண்டாவது, சூப்பர் ஹீரோ. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962-இல் தொடங்கிய தொடர் அது. படம் வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் நாயகன் மறைந்துவிடுவான். கண்ணுக்குத் தெரியாத ஹீரோ! இவனைவிடச் சுலபமாக வரையக்கூடிய ஆள் உலகத்தில் உண்டா? அதே போல் ஒருவனை உருவாக்கிவிட வேண்டியதுதான் என்று பென்சிலைச் சீவிய பிறகுதான் விவரம் உறைத்தது. மாயாவி மறைந்தாலும் இரும்புக்கை மறையாது. ஆளில்லாத கட்டத்தில் வரைய மிஞ்சுவது கை மட்டும். நம்மவர் கை வரைந்தால் வாழைச்சீப்பு வரும், அதுவும் சில சமயம் ஆறு பழத்தோடு.

மூன்றாவது, தினசரி நாலு கட்டத் துணுக்கு. சின்ன வேலைதானே என்று தோன்றும். சார்லஸ் ஷுல்ஸ் 1950 அக்டோபரில் ‘பீனட்ஸ்’ஸை ஆரம்பித்தார், 2000 பிப்ரவரியில் அது முடிந்தபோது 17,897 துணுக்குகள் சேர்ந்திருந்தன. உதவியாளர் இல்லாமல் அத்தனைக்கும் அவரே எழுதி, அவரே வரைந்து, எழுத்தையும் அவரே போட்டார். நம்மூரில் ‘தினத்தந்தி’யின் கன்னித்தீவு 1960-இல் தொடங்கியது, அது எப்போது முடியும் என்று கேட்பதே ஒரு தனி நகைச்சுவையாகிவிட்டது. இங்கே நம்மவருக்கு இடைஞ்சல் வரைவதில் இல்லை. அவருக்குத் தெரிந்த ஜோக்குகள் எல்லாமே வங்கி மேனேஜரைப் பற்றியவை. பெயரை மாற்றலாம், மீசையையும் மாற்றலாம். ஆனால் டிபன் பாக்ஸைத் திறந்ததும் மனிதர் செய்யும் முகபாவத்தை எப்படி மாற்றுவது?

நான்காவது, 24 மணி நேர காமிக்ஸ். 1990-இல் ஸ்காட் மெக்ளவுட் தன் நண்பர் ஸ்டீவ் பிஸெட்டுக்கு விட்ட சவால் இது. 24 மணி நேரத்தில் 24 பக்கம். கதை, பென்சில், மை, எழுத்து எல்லாம் அதற்குள்ளேயே. ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நம்மவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு மணிவரை ஸ்கேலை வைத்துக் கட்டம் போட்டார். எட்டரைக்கு இட்லி வந்தது. பிறகு மை காயட்டும் என்று கொஞ்சம் சாய்ந்தார். மை நன்றாகவே காய்ந்தது, விடிந்திருந்தது.

மனைவி நியாயமாக ஒன்று கேட்டார்: “எல்லாத்தையும் விட்டுட்டு மூணே மூணு பக்கம் போட்டா என்னங்க?” கேள்வி அசட்டுத்தனமானது அல்ல. ஆர்ட் ஸ்பீகல்மன் 1972-இல் ‘மௌஸ்’ என்று போட்டது மூன்று பக்கக் கதைதான். அதே பெயரில் பிறகு வளர்ந்த பெரிய புத்தகம் 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு வாங்கியது.

மூன்று பக்கம் என்று முடிவானது. அடுத்து, யாரைப் பற்றி? நம்மவர் வரைய வருபவற்றை விட்டுவிட்டு, வராதவற்றைப் பட்டியல் போட்டார்: குதிரை, சைக்கிள், ஓடும் ஆள், கை. கை வராத ஓவியர்களுக்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு, பாத்திரத்தின் கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுவிடுவது. வேட்டியில் பாக்கெட் கிடையாது என்பதால் கிராமத்துக் கதைகள் அங்கேயே அடிபட்டுப்போயின. பேச்சுப் பலூனைக் கைமேல் வைத்து மறைக்கலாம். அதற்கு எல்லோரும் ஓயாமல் பேச வேண்டும்.

கடைசியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கதாநாயகனாகத் தேர்வானார். காரணம் இலக்கியம் அல்ல: தலைமையாசிரியர்கள் எப்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார்கள். முதல் பக்கம் ஒரே இரவில் முடிந்தது, இரண்டாவதும் அப்படியே. இப்போது மூன்றாம் பக்கம் வந்திருக்கிறது. பழைய மாணவன் ஒருவன் வந்து கை நீட்டுகிறான். தலைமையாசிரியர் குலுக்குவதா, கும்பிடுவதா என்று நம்மவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். கும்பிட்டால் இரண்டு கை வரைய வேண்டும்.