விடை இருக்குதுங்க சார்

பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் காலை பஸ்ஸில் தொற்றிக்கொண்டு தருமபுரிக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் எம்.எஸ்சி. மேத்ஸ் மாணவியைக் கண்டுபிடிப்பது சுலபம். பையில் ரூடின் எழுதிய அனாலிசிஸ் புத்தகத்தின் ஜெராக்ஸ் இருக்கும். சாம்பார் கசிந்து அனாலிசிஸ் நனைந்துவிடக் கூடாதென்று சோற்று டப்பா தனிக் கவரில் இருக்கும். எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது, "எந்தக் கண்டிஷன்ல?" என்று திருப்பிக் கேட்பார். பெண் பார்க்க வந்தவர்கள் "சமைக்கத் தெரியுமாம்மா?" என்றபோதும் அதையேதான் கேட்டாராம்.

இப்படிப்பட்டவரை ஒருநாள் கம்ப்யூட்டர் லேபில் கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள். பாடத்திட்டத்தில் சியோ பைத்தானோ ஒரு பேப்பர் உண்டே! அதுவரை அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் ரிசல்ட் பார்க்கிற சாமான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போவதால் கொஞ்சம் பக்தியும் சேர்ந்துகொள்கிறது.

x = x + 1 என்ற வரியைப் பார்த்ததும் கணிதக்காரர்கள் மயங்கி விழுவார்கள் என்று எல்லாரும் ஒரு கதை சொல்வார்கள். மிகை. அந்தக் காயம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். ஆறாத காயம் வேறு: இந்த மெஷின் விடையைக் கேட்கிறது. விடை ஒன்று இருக்கிறது என்று காட்டிவிட்டால் கணிதத்தில் பாதி வேலை முடிந்தது. அது ஒன்றே ஒன்றுதான் என்று காட்டிவிட்டால் மீதியும் முடிந்தது. அதற்குமேல் "எவ்வளவு?" என்று கேட்பது, விருந்துக்கு வந்தவரிடம் எத்தனை இட்லி சாப்பிட்டீர்கள் என்று விசாரிப்பது போன்ற அநாகரிகம்.

அன்றைய பயிற்சி, x² – 2 = 0 என்ற சமன்பாட்டுக்கு 1க்கும் 2க்கும் நடுவே மூலம் காண்பது. பைசெக்‌ஷன் முறை, இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். கௌரவ விரிவுரையாளர் ரவுண்டு வருகிறார்.

"என்னம்மா, ஆன்சர் வந்துச்சா?"

"இருக்குதுங்க சார்."

"எங்க, காட்டு."

"1 போட்டா மைனஸ், 2 போட்டா பிளஸ். கன்டினியுவஸ் ஃபங்ஷன். அப்ப நடுவுல இருந்தே ஆகணுங்க சார்."

"நடுவுலன்னா எங்கம்மா?"

"நடுவுலதாங்க சார்."

பிராக் நகரத்துப் போல்சானோ 1817இல் நிரூபித்துக் கொடுத்த தேற்றம். சாருக்கு அது போதவில்லை. புரோகிராம் வேண்டுமாம். சரியென்று எழுதினார். வெட்டு, நடுப்புள்ளியைப் பார், பூஜ்ஜியம் வந்தால் நிறுத்து. எரர் ஒன்றுகூட இல்லை. ரன் கொடுத்தார். ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்துப் பெண் "அக்கா, ஹேங் ஆயிடுச்சு" என்று பதறினாள். நம்மவர் கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, நிக்க மாட்டேங்குது?"

"நிக்காதுங்க சார். ரூட் 2 இர்ரேஷனல். பாதி பாதியா வெட்டுனா ரேஷனல்தான் கிடைக்கும். எந்த ரேஷனலோட ஸ்கொயரும் 2 ஆகாது. அதனால எப்பவுமே நிக்காது."

"தெரிஞ்சேவா எழுதுன?"

"பூஜ்ஜியம் வந்தா நிறுத்துன்னு நீங்கதாங்க சார் போர்டுல எழுதுனீங்க."

சார் ஒரு நிமிடம் போர்டைப் பார்த்தார். பிறகு, 0.0001க்குள் வந்தால் போதும் என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

"0.0001 பூஜ்ஜியம் இல்லீங்களே சார்."

மாற்றினார், வேறு வழியில்லாமல். கண்மூடித் திறப்பதற்குள் 1.4142 வந்து நின்றது. லேபில் அதைப் பார்த்துச் சந்தோஷப்படாதவர் அவர் ஒருவர்தான்.

அவர் மெஷினை நம்பாததற்கும் காரணம் இருக்கிறது. நீலத் திரை டர்போ சியில் ஃபேக்டோரியல் போட்டுப் பாருங்கள். 7 வரைக்கும் ஒழுங்காக 5040 வரும். 8க்கு 40320 வர வேண்டிய இடத்தில் –25216 என்று வரும். எட்டு நேர் எண்களைப் பெருக்கி எதிர் எண்ணை எடுக்கிற பெருமை உலகத்தில் வேறு யாருக்கு உண்டு! அங்கே int என்பது 16 பிட்; 32767க்கு மேல் அதற்குள் கொள்ளாது. "லாங் போடும்மா" என்பார் சார். 1 + 1/2 + 1/3 என்று போகும் ஹார்மோனிக் தொடருக்கு அந்த வைத்தியமும் பலிக்காது. அது எல்லையில்லாமல் வளரும் என்று 14ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் ஒரேம் நிரூபித்துவிட்டார். float-இல் கூட்டினாலோ, சுமார் 21 லட்சம் உறுப்புகளுக்குப் பிறகு 15.4037 பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கிறது. புதிதாக வரும் உறுப்பு அவ்வளவு சிறிசு. கூட்டினாலும் கணக்கில் ஏறுவதில்லை. நம்மவர் அதை ஒரு குற்றப்பத்திரிகைபோல நோட்டில் குறித்து வைத்திருக்கிறார்.

ரெக்கார்டு நோட்டில் மட்டும் மெஷின் தப்பே செய்யாது. வலப்பக்கம் புரோகிராம், இடப்பக்கம் பென்சிலில் அவுட்புட், இரண்டும் சீனியர் அக்கா நோட்டைப் பார்த்து எழுதியவை. சில நோட்டுகளில் அவுட்புட்டோடு அந்த அக்காவின் ரிஜிஸ்டர் நம்பரும் வந்து உட்கார்ந்திருக்கும். எல்லாருக்கும் கையெழுத்து விழுந்துவிடும்.

பிராக்டிகல் அன்று எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் வந்தார். எல்லாரிடமும் கேட்கிற கேள்வியையே இவரிடமும் கேட்டார்: பைத்தானில் range(1, 10) என்று எழுதினால் 10 ஏன் வருவதில்லை? முந்தைய பிள்ளைகள் எல்லாம் "பைத்தான்ல அப்படித்தான் சார்" என்று சொல்லித் தப்பித்திருந்தார்கள்.

"அது அரைத் திறந்த இடைவெளிங்க சார். இந்தப் பக்கம் மூடியிருக்கு, அந்தப் பக்கம் திறந்திருக்கு. அடுத்தது 10லேருந்து 20 வரைக்கும் எடுத்தா எதுவும் விட்டுப்போகாது, எதுவும் ரெண்டு தடவ வராது. நீளமும் கழிச்சா நேரா வந்துடும். 10 மைனஸ் 1, ஒன்பது." சொல்லிவிட்டுச் சாக்பீஸைத் தேடினார், முழு நிரூபணம் எழுத.

எக்ஸ்டெர்னல் பேனாவைக் கீழே வைத்தார். "நீ மேத்ஸா?"

"ஆமாங்க சார்."

"நல்லா சொன்ன. புரோகிராம் ரன் ஆச்சா?"

"இல்லீங்க சார்."