மகமை எங்கே போடுவது?

1993-ல் விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் சின்னக் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்தேன். அலுவலக வேலைக்கெல்லாம் சேர்த்து இன்று மென்பொருள் தொகுப்பு வருகிறதே, அன்றைக்கு எங்கள் தொகுப்பு ஒரு மரப்பெட்டி. மேல்பலகை சாய்வாக இருக்கும். திறந்தால் சிட்டை, பேரேடு, பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு, மைப்பெட்டி, ஓரத்தில் திருநீறு, அதற்குப் பக்கத்தில் பெரிய கணக்கப்பிள்ளையின் பொடி டப்பா. எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தே இயங்கும். பேரேட்டைப் புரட்டினால் தும்மல் வரும் அளவுக்கு இணைப்பு.

மறுவருஷம் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஓர் அறையைத் தடுத்து ஏ.சி. போட்டார்கள். முதலாளி அண்ணாச்சிக்கே ஃபேன் காற்றுதான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதில் லோட்டஸ் 1-2-3. பெயரிலேயே மூன்று வேலை: கணக்கு அட்டவணை, வரைபடம், தகவல் தளம். நாங்கள் முதலாவதோடு நின்றுவிட்டோம். ஒரே ஒரு தடவை வத்தல் விலை ஏறி இறங்கியதை வரைபடமாகப் போட்டுக் காட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "மலை நல்லாத்தான் இருக்கு தம்பி. நாளைக்கு என்ன விலைன்னு சொல்லுமா?" என்றார். அன்றோடு வரைபடத்துக்கு ஓய்வு. கடிதம் அடிக்க வேர்ட்ஸ்டார், அது வேறு ஃப்ளாப்பி. ஒன்றை மூடிவிட்டுத்தான் இன்னொன்றைத் திறக்க முடியும். இதெல்லாம் ஒரே பெட்டியில் வந்தால் எப்படியிருக்கும் என்று ஏங்கிய காலம் அது. ஏங்கியதற்கு இப்போது அனுபவிக்கிறேன்.

மைக்ரோசாஃப்ட் 1994-லேயே ஆபீஸ் என்ற தன் தொகுப்பின் 4.3 புரொஃபஷனல் பதிப்பில் ஆக்ஸஸ் என்ற தகவல் தளத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. எங்கள் மண்டிக்கு ஆபீஸ் வந்து சேர 2000 ஆயிற்று. ஆக்ஸஸில் பழகிப் பார்க்க நார்த்விண்ட் என்றொரு கற்பனைக் கம்பெனியின் கணக்கு வைத்திருப்பார்கள். பாலாடைக்கட்டி, தேயிலை என்று உலகமெங்கும் விற்கிற கம்பெனி. அதைப் பார்த்துப் பார்த்து, ராத்திரி கண்விழித்து, 'மண்டி புரோகிராம்' ஒன்றை எழுதினேன். கொள்முதல், விற்பனை, கமிஷன், சுமைக்கூலி, எல்லாம் உண்டு. பெரிய கணக்கப்பிள்ளையை உட்காரவைத்துக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மகமை எங்க போடுறது?"

நான் வாயடைத்துப்போனேன். எங்கள் ஊர் வியாபாரத்தில் விற்றுமுதலில் ஒரு சிறு பங்கு பொதுக்காரியத்துக்குப் போகும். பள்ளிக்கூடங்கள் நடந்ததே அந்தக் காசில்தான். பில்லின் அடியில் அதற்கென்று ஒரு வரி இருக்கும். நார்த்விண்ட்காரர்களுக்கு மகமை கிடையாது. அவர்கள் பாலாடைக்கட்டிக்கு, மூட்டை எடையில் சாக்கின் எடையைக் கழிக்கிற சாக்குக் கழிவும் கிடையாது.

மகமைக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். சாக்குக் கழிவுக்கு ஒன்று. அங்கேதான் சறுக்கினேன். பதிவுப் படிவத்தில் ஒரு தடவை கழித்த எடையை, பில் போடும் இடத்திலும் கழிக்கச் சொல்லி எழுதிவைத்திருந்தேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து 12 மூட்டை கொண்டுவந்த ஒரு சம்சாரி, அச்சடித்த பில்லை வாங்கி, விரலை மடக்கி எண்ணிவிட்டு, "மூட்டைக்கு ஒரு கிலோன்னுதான சாக்கு? இதுல 24 கிலோ போயிருக்கே" என்றார். ஏ.சி. அறையில் எனக்கு வியர்த்தது. தப்பு மென்பொருளுடையது அல்ல, முழுக்க என்னுடையது. ஆனால் தொகுப்பில் இருக்கிறதே என்பதற்காகக் கணக்கப்பிள்ளை புரோகிராம் எழுத உட்கார்ந்தால் இதுதான் நடக்கும்.

பிறகு டேலி என்ற கணக்கு மென்பொருள் வந்தது. பெங்களூர்ச் சரக்கு, அதை எழுதியவர்கள் நம் ஊர்க் கணக்கை அறிந்தவர்கள். F5 தட்டினால் பேமென்ட், F6 தட்டினால் ரசீது. மகமைக்கு ஒரு லெட்ஜர் திறக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. பெரிய கணக்கப்பிள்ளை அன்றைக்குத்தான் கம்ப்யூட்டரை முதன்முதலாக மதித்தார்.

ஆபீஸ் தயாரிப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. 2005-ல் மைக்ரோசாஃப்ட் அமெரிக்காவில் சிறுவணிகர்களுக்கென்று ஒரு கணக்கு மென்பொருளை ஆபீஸ் குடும்பத்தில் சேர்த்தது. அடுத்த பதிப்பில் ஒரு வகையை இலவசமாகவே கொடுத்தது. 2009-ல் கடையைக் கட்டிவிட்டது. எனக்குப் புரிந்தது இது: கடிதம் எழுதும் முறை ஊருக்கு ஊர் பெரிதாக மாறாது, வரியும் கழிவும் தெருவுக்குத் தெரு மாறும். அட்டவணையையும் கடிதத்தையும் தொகுப்புக்காரர் கொடுக்கட்டும். தொழில் கணக்கை, அந்தத் தொழில்காரனோடு உட்கார்ந்து டீ குடித்தவர் எழுதட்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போக வழி மட்டும் இருந்தால் போதும். என் கட்சி இவ்வளவுதான்.

தனித்தனியாக வைத்துக்கொண்டால் சுகம் என்றும் சொல்லமாட்டேன். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அதே விற்பனையை டேலியில் ஒரு தடவை, எக்செல்லில் ஒரு தடவை, அரசின் இணையதளத்தில் ஒரு தடவை என்று அடித்துக் கை ஓய்ந்தது. ரிட்டர்ன் தாக்கல் செய்ய அரசே கொடுத்த ஆஃப்லைன் கருவிக்கும் எக்செல் படிவம்தான். எத்தனை மென்பொருள் வந்தாலும் கடைசியில் எல்லோரும் எக்செல் வாசலில்தான் வந்து நிற்கிறோம்.

அதே மாதம்தான் ஸோஹோ நிறுவனம் 35-க்கும் மேற்பட்ட செயலிகளை ஒரே கட்டாக்கி ஸோஹோ ஒன் என்று வெளியிட்டது. கணக்கு, ஆள் எடுப்பு, வாடிக்கையாளர் குறைதீர்ப்பு எல்லாம் உள்ளே. பக்கத்துத் தென்காசி மாவட்டத்தில் அலுவலகம் வைத்திருப்பவர்கள் என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமை. இன்னொரு பக்கம் மைக்ரோசாஃப்ட், ஊழியர்கள் பேசிக்கொள்ளும் டீம்ஸ் செயலியை ஆபீஸோடு சேர்த்துக் கட்டியது. 2020-ல் போட்டியாளரான ஸ்லாக் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் செய்ய, 2024-ல் உலகம் முழுக்க அதைத் தனியாகப் பிரித்து விற்க வேண்டியதாயிற்று. எங்கள் கடையில் அந்தச் சண்டைக்கே இடமில்லை. எங்களுக்கு வாட்ஸ்அப்தான் ஆபீஸ். சரக்கு படம், லாரி எண், பாக்கி கேட்பது, காலை வணக்கம், எல்லாம் அதில்தான்.

போன மாதம் இப்படியொரு மென்பொருள் தொகுப்பை விற்க ஒரு பையன் லேப்டாப்போடு கடைக்கு வந்தான். அண்ணாச்சியின் பேரன் சின்னவர்தான் இப்போது முதலாளி. பையன் திரையில் சதுரம் சதுரமாகக் காட்டிக்கொண்டே போனான். ஊழியர் விடுப்பு, கருத்துக்கணிப்பு, கையெழுத்து வாங்கும் செயலி. கடையில் நாங்கள் ஐந்து பேர். யாருக்காவது லீவு வேண்டுமென்றால் திரும்பிச் சொன்னால் போதும். நான் பழைய கேள்வியைக் கேட்டேன். மகமைக்குக் 'கஸ்டம் ஃபீல்ட்' போட்டுக்கலாம் சார் என்றான். பரவாயில்லை, தேறிவிட்டார்கள்.

"எங்களுக்கு ரெண்டு போதும் தம்பி. கணக்கு, மெயில். அதை மட்டும் தாங்க" என்றார் சின்னவர்.

"தனித்தனியா எடுத்தா விலை ஜாஸ்தி சார். மொத்தமா எடுத்தீங்கன்னா கிட்டத்தட்ட அதே காசுக்கு எல்லாம் வந்துரும்."

சின்னவர் என் பக்கம் திரும்பினார். புது மல்லி கேட்டு வந்தவருக்கு, விலையில் கொஞ்சம் குறைத்து, போன வருஷத்து மூட்டை ரெண்டையும் சேர்த்து ஏற்றிவிடுவது எங்கள் மண்டியில் தாத்தா காலத்துப் பழக்கம்.

"இதுல பழைய சரக்கு எது தம்பி?" என்று கேட்டார் சின்னவர்.