தோற்றவரா, ஜெயித்தவரா?

கேள்வி: ஆட்சி தோற்கிறதா, எதிர்க்கட்சி ஜெயிக்கிறதா? (ஏலக்காய் வியாபாரி, போடி)

ஆட்சிதான் தோற்கிறது, அண்ணே. 1989 முதல் 2021 வரை எட்டு சட்டமன்றத் தேர்தல். இருந்த ஆட்சியே திரும்பி வந்தது 2016-இல் மட்டும். மற்ற ஏழு தடவையும் எதிர்க்கட்சி உழைத்தே ஜெயித்தது என்று நம்பினால், தரம் பார்க்காமல் காய் வாங்குகிற ஆள் நீங்கள்.

கேள்வி: 2019 மக்களவைத் தேர்தலில் தேனி மட்டும் ஏன் முறுக்கிக்கொண்டது? (டீக்கடைக்காரர், தேனி)

வேலூரையும் சேர்த்து 38 தொகுதி தி.மு.க. கூட்டணிக்கு, தேனி மட்டும் அ.தி.மு.க.வுக்கு. ஓ.பி.எஸ். மகன் ரவீந்திரநாத் ஜெயித்தது 76 ஆயிரத்துச் சொச்ச ஓட்டு வித்தியாசத்தில். எதிரே நின்ற காங்கிரஸின் இளங்கோவன் ஈரோட்டுக்காரர். அ.ம.மு.க.வின் தங்க தமிழ்ச்செல்வன் வாங்கியது 1.44 லட்சம். தோற்ற இருவர் ஓட்டையும் கூட்டுங்கள், ஜெயித்தவரைத் தாண்டும். கோபம் இருந்தது, கோபக்காரர்கள் ஒரே சின்னத்தில் சேரவில்லை.

இன்னொன்று. அதே ஏப்ரல் 18, ஆண்டிபட்டியிலும் பெரியகுளத்திலும் சட்டமன்ற இடைத்தேர்தல். விரலில் ஒரே மை, எதிரே இரண்டு இயந்திரம், சீட்டு தெரிவது ஏழு விநாடி. டெல்லிக்கு இலை போனது. கோட்டைக்கு இரண்டு தொகுதியிலிருந்தும் சூரியன் போனது. அலை, அலை என்று டி.வி.யில் பேசுகிறவர்கள் ஒருநாள் ஆண்டிபட்டிக்கு பஸ் ஏறட்டும்.

கேள்வி: அந்த ஆண்டிபட்டியில் கூடப்பிறந்தவர்களே மோதினார்களாமே? (தறிக்காரர், டி.சுப்புலாபுரம்)

ஆமாம். தி.மு.க. மகாராஜன், அ.தி.மு.க. லோகிராஜன். 2019, 2021 இரண்டிலும் மகாராஜன். எந்த ஆட்சி தோற்றாலும் அந்தக் குடும்பத்துக்குப் பாயசம் உறுதி.

கேள்வி: எதிர்க்கட்சி தானாக ஜெயித்ததே இல்லையா? (கல்லூரி மாணவி, உத்தமபாளையம்)

1967-ஐப் படி, தாயி. அரிசித் தட்டுப்பாடும் மொழிப் போராட்டமும் காங்கிரஸைச் சாய்த்தன. காமராஜரே விருதுநகரில் தோற்றார். ஆனாலும் தனிக்கட்சிக் கணக்கில் காங்கிரஸுக்கு 41 சதவீதம், தி.மு.க.வுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு! ராஜாஜியையும் மார்க்சிஸ்டுகளையும் ஒரே கூட்டணியில் உட்காரவைத்த அண்ணாவின் சாமர்த்தியம்தான் மிச்சத்தைச் செய்தது. ஆட்சியைத் தோற்கடிக்கப் பசி போதும். ஜெயிக்க அண்ணா வேண்டியிருந்தது.

கேள்வி: கட்சி மாறினால் ஜெயிக்கலாமா? (ஆட்டோ ஓட்டுநர், பெரியகுளம்)

தங்க தமிழ்ச்செல்வனைக் கேளுங்கள். 2019-இல் அ.ம.மு.க., தோல்வி. 2021-இல் தி.மு.க., போடியில் ஓ.பி.எஸ்.ஸிடம் தோல்வி, இத்தனைக்கும் அன்று மாநிலமே தி.மு.க. பக்கம். 2024-இல் ஜெயித்தார். எதிரே நின்றவர் பழைய தலைவர் தினகரன்!

கேள்வி: பெரியாற்றுத் தண்ணீர் ஓட்டாக மாறுமா? (நெல் விவசாயி, சின்னமனூர்)

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது, மாறாமல் எப்படி? 2014-இல் உச்ச நீதிமன்றம் முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்க அனுமதி கொடுத்தது. 2016-இல் மாவட்டத்தின் நாலு தொகுதியும் இலைக்கு. 2021-இல் கம்பம் உட்பட மூன்று சூரியனுக்கு. அணையில் தண்ணீர் தேங்கும் மாப்ளே, நன்றி தேங்காது.