சிறுத்தைக்கு நேரசூசி கிடையாது

கேள்வி: குடும்பத்தில் சிறிசும் பெரிசுமாக முப்பது பேர். பெரிய பஸ் ஒன்றைப் பிடித்துக் குமணக் காட்டுக்குள் போய் வரலாமா? – ஒரு வாப்பா, நிந்தவூர்

பதில்: பஸ்ஸுக்கு ஒகந்தை வாசலோடு வேலை முடிந்துவிடும். உள்ளே மண்பாதை, ஜீப்தான் போகும். பொத்துவிலிலோ உல்லையிலோ முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரு சஹனுக்கு ஆறு பேர், ஒரு ஜீப்புக்கும் ஆறு பேர். ஆகவே ஐந்து சஹன், ஐந்து ஜீப். யார் எதில் என்று முதல்நாள் இரவே எழுதிவிடுங்கள். வாசலில் வைத்துப் பிரித்தால் மாமியும் மருமகளும் ஒரே ஜீப்பில் மாட்டிக்கொள்வார்கள். அப்புறம் யானையை யார் பார்ப்பது?

வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். மூன்று மணிக்கு ஊரை விட்டால் பொத்துவில் பள்ளியில் சுபஹ் தொழுதுவிட்டு, பாணமை வழியாக நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? – ஓர் ஆசிரியை, மருதமுனை

பதில்: பறவைகளுக்கு மே, ஜூன். குமண வில்லுவில் கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை எல்லாம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் அது. மாரி தொடங்கிவிட்டால் ஜீப்பைத் தள்ளுவதுதான் சஃபாரி. யுத்தத்தால் 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்த காடு அது. யால கிழக்கு என்றிருந்த பெயரை 2006இல்தான் குமண என்று மாற்றினார்கள். உங்கள் வாப்பாமார் பார்க்க முடியாமல் போனதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், டீச்சர்.

கேள்வி: சிறுத்தை கட்டாயம் தெரியும் என்று ஒரு ஜீப்காரர் சத்தியம் செய்கிறார். நம்பலாமா? – மாணவன், சாய்ந்தமருது

பதில்: சிறுத்தையும் கூட வந்து சத்தியம் செய்ததா? அதற்கு நேரசூசி கிடையாது. சத்தியம் செய்கிறவரை விட்டுவிட்டு, "தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம்" என்று சொல்கிறவரைப் பிடியுங்கள். அவர் மெதுவாக ஓட்டுவார், நாலு மயிலையாவது நிம்மதியாகப் பார்ப்பீர்கள். வாசலில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் ட்ரக்கர் ஒருவரைக் கேட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். அவர் கண்ணுக்குப் படுவது உங்கள் போனுக்குப் படாது.

கேள்வி: காட்டுப் பயணத்தில் தொழுகையைச் சுருக்கலாமா? – அக்கரைப்பற்று வாசகர்

பதில்: சாபி மத்ஹபுக் கணக்கு 80 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஒகந்தை கல்முனையிலிருந்து 100 அளவில் வரும். உங்கள் ஊரிலிருந்து இழுபறி. உங்கள் மௌலவியையும் ட்ரிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஆசனத்தோடு பிரச்சினை முடியும்.

கேள்வி: புரியாணிச் சட்டியைக் கொண்டுபோய்க் காட்டுக்குள் சாப்பிடலாம் என்று காக்காமார் சொல்கிறார்கள். – இளைய தம்பி, சம்மாந்துறை

பதில்: காக்காமார் சொன்னால் தட்ட முடியாதுதான். ஆனால் காட்டுக்குள் கண்ட இடத்தில் ஜீப்பை விட்டு இறங்க முடியாது. காலைக்கு இடியப்பமும் மீன் ஆணமும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள். பகல் சாப்பாட்டை வெளியே வந்து உல்லையில் சஹன் வைத்து ஆறுதலாகச் சாப்பிடலாம். வாழை இலையில் கட்டினால் மணமும் கூடும். லஞ்ச் ஷீட் 2017 முதல் தடை, மறந்துவிட வேண்டாம். திரும்பும் வழியில் எருமைத் தயிர்ச் சட்டி இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வட்டிலப்பத்தை ஜீப்பில் ஏற்றாதீர்கள். அந்தக் குலுக்கலில் அது தேத்தண்ணியாகிவிடும்.

இன்னொன்று. ஒகந்தையில் காட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே முருகன் கோயில். ஆடி வேல்விழாக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்துகூட நடந்து வருகிறவர்கள் அங்கே தங்கித்தான் காட்டு வழியாகக் கதிர்காமம் போவார்கள். வாரக்கணக்கில் மரக்கறி மட்டும் சாப்பிட்டு வருகிறவர்கள். அவர்கள் முன்னால் மாட்டிறைச்சிப் புரியாணிச் சட்டியைத் திறப்பது மனுஷத்தனம் இல்லை. கூடுமானால் அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்போதுதான் போக வேண்டுமென்றால், ஜீப் நிறையத் தண்ணீர்ப் போத்தல் ஏற்றிப் போய்க் கொடுங்கள். குடும்பிகலை பௌத்த ஆசிரமத்துக்கும் போவதென்றால் செருப்பும் தொப்பியும் வெளியே. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள்.

கேள்வி: உம்மாவுக்கு முழங்கால் வலி. ஜீப் குலுக்கலைத் தாங்கமாட்டா. – மூத்த மகள், கல்முனைக்குடி

பதில்: அப்படியானால் அம்பாறை வழியாக இங்கினியாகலைக்குக் கூட்டிப் போங்கள், ராத்தா. கல்லோயா தேசியப் பூங்காவில் படகு சஃபாரி உண்டு. சேனநாயக்க சமுத்திரத்தில் தீவுக்குத் தீவு யானை நீந்திப் போகும். தும்பிக்கை நுனியும் தலையின் மேடும் மட்டும் வெளியே தெரியும். மார்ச் முதல் ஜூலை வரை நல்ல காலம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குளம் அது. நம் பக்கத்து வயல்களுக்கு வருவது அந்தத் தண்ணீர்தான் என்பதையும் உம்மாவுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: யானை பார்க்கக் காசு கொடுத்து ஏன் காட்டுக்குப் போக வேண்டும்? பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் சும்மா பார்க்கலாமே! – சிக்கனக்காரன், அட்டாளைச்சேனை

பதில்: பார்க்கலாம். உயிரோடு பார்ப்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்த மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடத்தில் இருபது யானையளவில் செத்ததாக 2022 ஜனவரியில் உலகம் முழுக்கச் செய்தி போனது. வயிற்றை அறுத்துப் பார்த்தால் பொலித்தீனும் சாப்பாடு சுற்றிய உறைகளும் தண்ணீரும்தான். யானைக்குரிய தீனி எதுவும் இல்லை. சுற்றியிருந்த மின்வேலியில் 2014இல் இடி விழுந்தது, அதைத் திருத்தவில்லை என்றும் அந்தச் செய்தியில் இருந்தது.

காசு கொடுத்துக் காட்டில் பார்ப்பதும் யானைதான், நம் கரையோர ஊர்கள் சோற்றுப் பார்சல் சுற்றிய தாளைத் தீனியாகப் போடுவதும் யானைக்குத்தான். ஜீப்புக்கு ஒரு சாக்கைக் கட்டிக் குப்பையை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டாலும் கதை முடியாது. ஊர்க் குப்பை எங்கே போய்க் கொட்டுப்படுகிறது என்பதுதான் கேள்வி. இனி வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருகிறவரிடம் ரோட்டைக் கேட்பதற்கு முன்னால் அதைக் கேளுங்கள்.