வட்டி இறங்கினால் வீடு வாங்கலாமா?

கேள்வி: ரெப்போ விகிதம் குறைந்துவிட்டதே, முடிச்சூரில் ஃபிளாட் வாங்கிவிடலாமா? (வாசகர், சேலையூர்)

பதில்: 2025 தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை, டிசம்பருக்குள் 5.25 ஆக்கியது ரிசர்வ் வங்கி. நல்ல சேதிதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 40 லட்சம் கடன், 20 வருடம்: 9 சதவீத வட்டிக்கு மாதத் தவணை சுமார் 35,990 ரூபாய், 8 சதவீதத்துக்கு 33,460. மிச்சம் 2,500 சொச்சம். பில்டர் சதுர அடிக்கு 500 ரூபாய் ஏற்றினால் ஆயிரம் சதுர அடிக்கு 5 லட்சம். அதற்கே மாதம் 4,180 தவணை! ரிசர்வ் வங்கி கொடுத்தது உங்கள் கைக்கு வராமலே பில்டர் கைக்குப் போய்விடும். அதனால் வட்டியைப் பார்த்து மயங்காமல் விலையில் பேரம் பேசுங்கள்.

வட்டி திரும்பவும் ஏறும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-லிருந்து 6.5-க்குப் போனது. அதனால் ஏற்கெனவே கடன் இருப்பவர்கள், இப்போது வட்டி குறைந்தாலும் பழைய தவணையையே கட்டுங்கள். மேற்சொன்ன கணக்கில் கடன் 3 வருடம் முன்னதாகவே முடியும்.

முடிச்சூர் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த ஊர். அட்வான்ஸ் கொடுக்கும் முன், கார்த்திகை மழையில் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள்.