ஜெனீவாவுக்கு ஒரு பாட்டில் தூசி

விடுநர்:
பதினான்கில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரன்,
பதினான்கு பங்குத் தூசிக்கும் பொறுப்பாளி,
கீழச்சிவல்பட்டி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் (ஐ.இ.சி.),
ஜெனீவா, சுவிட்சர்லாந்து.
கவனத்துக்கு: வீட்டுத் துப்புரவுக் கருவிகளைக் கவனிக்கும் 59எஃப் துணைக்குழு, வணிகத் துப்புரவு இயந்திரங்களைக் கவனிக்கும் 61ஜே துணைக்குழு. தயவுசெய்து இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கவும்.

பொருள்: வேக்யூம் கிளீனர் வாங்குதல் – எங்கள் வீட்டுத் தூசி எந்தக் குழுவைச் சேர்ந்தது எனத் தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் தரநூல் 62885-2. 2. தங்கள் தரநூல் 60335-2-69. 3. எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் சென்ற தை மாதம் முதல் நடந்துவரும் சண்டை.

ஐயா, அம்மையீர்,



எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பில் நின்று கூப்பிட்டால் அடுப்படியில் இருப்பவருக்குக் கேட்காது, போன் செய்கிறோம். இவ்வளவு நீளத்தில் இன்று ஆள் குடியிருப்பது இரண்டே அறைகளில். ஒன்றில் நான், இன்னொன்றில் எண்பதைக் கடந்த எங்கள் அப்பத்தா. மற்ற அறைகளில் தூசி குடியிருக்கிறது. வாடகை கேட்பதில்லை, பங்காளிகளைப் போலச் சண்டைக்கும் வருவதில்லை. படைப்புக்கோ கல்யாணத்துக்கோ பிள்ளையார் நோன்புக்கோ பூட்டைத் திறந்து காலி செய்யச் சொல்வோம். காலி செய்யும். மறுவாரம் திரும்பி வந்துவிடும்.

இந்த நிலையில்தான் பங்காளி ஒருவர் ‘ஒரு வேக்யூம் கிளீனர் வாங்கிப் போட்டால் என்ன?’ என்று குழுவில் ஒரு வரி போட்டார். நல்ல மனுஷன், சிங்கப்பூரில் இருக்கிறார், தூசியே பார்க்காதவர். கோலாலம்பூர்ப் பங்கு ரோபோ வேண்டும் என்றது. சென்னைப் பங்கு 2000 வாட்டுக்குக் குறைந்து வாங்கினால் ஊரில் மரியாதை இருக்காது என்றது. மதுரைப் பங்கு, அந்தப் பணத்துக்கு எத்தனை விளக்குமாறு வரும் என்று கணக்குப் போட்டு அனுப்பியது. அப்பத்தாவுக்கு வாட்ஸ்அப் கிடையாது. அதனால் அவர் கருத்தை யாரும் கேட்கவில்லை.

முதலில் ஒன்று வாங்கியும் பார்த்துவிட்டோம். கம்பெனிப் பெயர் வேண்டாம், அதுவும் பாவம். இரண்டாம் கட்டில் சுவர் பொரிந்துபோய், கொத்தனார் பழைய காரையைக் கொத்திக்கொண்டிருந்த வாரம் அது. காலை பத்து மணிக்கு வளவின் திறப்பு வழியாக வெயில் சாய்வாக இறங்கி, இரண்டு தூண்களுக்கு நடுவே பலகை சாத்தியதுபோல நிற்கும். அந்த வெளிச்சத்தில் வைத்து மெஷினை ஓட்டினேன். முன்வாய் நன்றாகத்தான் தின்றது. கீழே ஆத்தங்குடிக் கல்லில் பச்சையும் காவியும் பளிச்சென்று தெரிந்தன. நிமிர்ந்து பார்த்தால் மெஷினின் பின்பக்கச் சல்லடையிலிருந்து, சாம்பிராணி போட்டது மாதிரி வெள்ளைப் புகை. வெயிலுக்குள் சுருள் சுருளாக ஏறியது. பர்மாத் தேக்குத் தூணை ஒரு சுற்றுச் சுற்றியது. காலையில்தான் நான் துடைத்து மாட்டிய ஐயா படத்தின் கண்ணாடியில் போய் நிதானமாக உட்கார்ந்தது. இருபதாவது நிமிஷம் மெஷின் ஒரு தினுசாக ஊளையிட்டு, வயர் கருகும் வாடையோடு நின்றது.

திண்ணையில் இருந்தபடியே அப்பத்தா சொன்னார்: “இது தூசிய எடுக்கலடா ராசா. எடம் மாத்திவிடுது.”

கடைக்காரரிடம் கேட்டால், அது வீட்டுத் தூசிக்கான மெஷின், கட்டடத் தூசிக்குப் போடக்கூடாது, புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது என்றார். அச்சடித்துத்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டில் இருப்பது வீட்டுத் தூசியா, கட்டடத் தூசியா? இந்த உலகத்தில் தூசிக்குக்கூட எல்லை பிரித்து எழுதிவைத்தவர்கள் தாங்கள்தான் என்று தெரிந்ததும் உங்கள் பக்கம் திரும்பினேன்.

உங்கள் முதல் தரநூலைப் பற்றிப் படித்துப் பிரமித்துப்போனேன். வீட்டு மெஷினைச் சோதிக்க வீட்டுத் தூசி வேண்டாம் என்று தீர்மானித்தது எவ்வளவு பெரிய மனசு! ஒவ்வொரு வீட்டுத் தூசியும் ஒவ்வொரு மாதிரி, ஒப்பிட முடியாது என்பதால், டோலமைட் என்ற கல்லை அளவாகப் பொடித்து, வில்ட்டன் கம்பளத்தில் தூவி, உருளையால் அழுத்தி, பிறகு ஐந்து முறை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்து நிறுக்கிறீர்கள். அறையின் சூடு 23 டிகிரி, காற்றில் ஈரம் 50 சதவீதம். கீழச்சிவல்பட்டியில் 23 டிகிரி என்றால் மார்கழி விடியற்காலை. அந்த நேரத்தில் கோயிலுக்குப் போவார்கள், யாரும் மெஷின் ஓட்ட மாட்டார்கள். கம்பளமும் இங்கே உண்டு. பெயர் ரத்தினக் கம்பளம். கல்யாணத்துக்கு விரித்து, மறுநாள் வெயிலில் போட்டு, கம்பால் நாலு சாத்துச் சாத்திப் பெட்டகத்தில் வைத்துவிடுவோம்.

வெறுந்தரைச் சோதனையும் வைத்திருக்கிறீர்கள், மறைக்கவில்லை. பலகையில் நேர்கோடாக ஓர் இடுக்கு வெட்டி, அதில் பொடியை நிரப்பி உறிஞ்சச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டு இடுக்குகள் நேர்கோட்டில் போவதில்லை. நிலைக்கதவுக்கு மேலே கஜலட்சுமிக்கு இரண்டு பக்கமும் யானை. அந்தத் தும்பிக்கை உள்பக்கமாக வளைகிற இடத்தில் மூன்று தலைமுறைத் தூசி இருக்கிறது. நீங்கள் தருகிற ஒடுங்கின மூக்கை அங்கே வைத்தால் மூக்கு தும்பிக்கைக்குள் மாட்டிக்கொள்கிறது. பல் விளக்கும் பிரஷ்ஷால்தான் எடுக்கிறோம்.

இனி எங்கள் சரக்கு. அவசரமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கையில் எடுத்து விரலுக்கு நடுவே தேய்த்தால்தான் பிரியும். பிசுபிசுவென்று ஒட்டுவது ஓட்டுக்கு அடியில் வௌவால் உபயம். உருண்டை உருண்டையாக, வறுத்த ரவை மாதிரி உருள்வது உளுத்த மரத்திலிருந்து கொட்டியது. சிவப்பாக விரல்ரேகைக்குள் இறங்குவது செம்மண், தெருவில் ஒரு டிராக்டர் போனால் ஒரு படி உள்ளே வரும். எதிலும் சேராமல், டால்கம் பவுடர் போல வழுக்கி, ஊதினால் இறங்கவே யோசிப்பது சுவர்ப் பொடி. அந்தச் சுவரில் சுண்ணாம்பும் மணலும் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளையும் இருக்கின்றன. இத்தனை சாப்பாட்டுச் சாமானும் போட்டு இழைத்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர், நூறு வருஷம் கண்ணாடி மாதிரி நின்றுவிட்டு, கூரை ஒழுகி ஈரம் ஏறிய இடத்தில் மட்டும் இப்போது மாவாக இறங்குகிறது. வீடே கொஞ்சம் கொஞ்சமாகத் தூசியாகிக்கொண்டிருக்கும்போது, வீட்டுத் தூசி எங்கே முடிகிறது, கட்டடத் தூசி எங்கே தொடங்குகிறது?

அந்த இரண்டாவது தூசிக்கும் உங்களிடமே சட்டம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 60335-2-69 என்ற கோப்பில், ஆபத்தான தூசியை உறிஞ்சும் மெஷின்களை எல், எம், எச் என்று மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறீர்கள். எல் வகுப்பு நூற்றில் ஒரு பங்குக்கு மேல் தூசியைப் பின்னால் விடக்கூடாது. எம் ஆயிரத்தில் ஒரு பங்கு. எச் லட்சத்தில் ஐந்து பங்கு. அடேயப்பா! சாம்பிராணிப் புகைக்கு மருந்து இங்கே இருக்கிறது. ஆனால் அது தொழிற்சாலைக்காரருக்கும் கட்டட வேலைக்காரருக்கும் என்று வேறு குழுவின் பீரோவில் பூட்டியிருக்கிறது. காரைக்குடிக் கடையில் ‘எம் கிளாஸ் இருக்கிறதா?’ என்று கேட்டேன். எக்ஸ்எல் வரை இருக்கிறது, பனியன் அடுத்த கடை என்றார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பகடி வரவில்லை. காரை கொத்திய கொத்தனாரும் சித்தாளும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். மணல் கலந்த காரையைக் கொத்தும்போது எழும் சிலிக்காத் தூளில், கண்ணுக்கே தெரியாத சன்னம் நுரையீரலின் அடிவரை போகிறது. அங்கே தங்கித் தழும்பாகி சிலிக்கோசிஸ் ஆகிறது. அதற்கு மருந்து கிடையாது. துண்டு அதை நிறுத்தாது. முன்னே உறிஞ்சிப் பின்னே ஊதுகிற மெஷின் இன்னும் மோசம், தரையில் படுத்துக் கிடந்ததை மூக்கு உயரத்துக்குத் தூக்கிக் கொடுக்கிறது. நாங்கள் கடைசியில் காரையைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுத்தான் கொத்தச் சொன்னோம். அந்த யோசனை திண்ணையிலிருந்து வந்தது.

பெட்டி மேல் அச்சடிக்கும் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாட் என்பது மெஷின் எவ்வளவு கரண்டு தின்னும் என்ற கணக்கு; எவ்வளவு வேலை செய்யும் என்ற கணக்கு அல்ல. பந்தியில் அதிகம் சாப்பிடுகிறவர்தான் அதிகம் மொய் எழுதுவார் என்று நம்புகிற மாதிரி. பாஸ்கல் என்பது வாயை அடைத்துக்கொண்டு இழுக்கிற இழுப்பு. தூசியைச் சுமந்துபோவது காற்றோட்டம். மெல்லிய சுவர்ப் பொடி இரண்டே நிமிஷத்தில் பில்டரை மெழுகிவிட்டால் பாஸ்கல் அப்படியே இருக்கும், காற்று நின்றுபோகும். ‘ஹெப்பா’ என்றால் 0.3 மைக்ரான் துகளை நூற்றுக்கு 99.97 பிடிப்பது. ‘ஹெப்பா மாதிரி’ என்றால் என்ன? ‘பொண்ணு மாதிரி’ என்று சொல்லி யாராவது பெண் கொடுப்பார்களா? பில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது உட்காரும் ரப்பர் விளிம்பில் இடைவெளி இருந்தால் தூசி அந்தச் சந்துவழியாகத்தான் போகும்.

வெறும் வயிற்றுச் சோதனை ஒன்று உண்டு, ஞாபகம் இருக்கும். ஐரோப்பிய யூனியன் 2014 செப்டம்பரில் வேக்யூம் கிளீனருக்குக் கலர் கலராக ஆற்றல் சீட்டு ஒட்ட ஆரம்பித்தது. 1600 வாட்டுக்கு மேல் விற்காதே என்றது. 2017-இல் அதை 900 ஆக்கியது. டைசன் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. தூசிப் பை காலியாக இருக்கும்போது அளக்கிறீர்களே, வீட்டில் யார் காலிப் பையோடு ஓட்டுகிறார்கள் என்று கேட்டது. வழக்கு மேலும் கீழும் அலைந்து, 2018 நவம்பரில் அந்தச் சீட்டு விதியே செல்லாது என்று தீர்ப்பானது. இதைக் குழுவில் போட்டேன். சென்னைப் பங்கு, ‘அப்படியானால் 2000 வாட்டே வாங்கலாம்’ என்று பதில் எழுதியது.

ரோபோ விஷயம் சீக்கிரம் முடிந்தது. உறவுக்காரர் ஒருவர் வெளியூரிலிருந்து வரும்போது ஒன்றை எடுத்து வந்திருந்தார். நிலைப்படி முழங்கால் உயரம். அது ஏறவில்லை. வளவு விளிம்பில் பள்ளத்தைக் கண்டு பயந்து நின்றது. சாமி அறைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அங்கே நடுவில் அப்பத்தா காலையில் போட்ட மாக்கோலம், பக்கத்தில் சிந்தின திருநீறு. ஓரத்திலிருந்து ஒழுங்காகத் தின்றுகொண்டே போனது. உங்கள் கணக்குப்படி நூற்றுக்கு நூறு மதிப்பெண். அதைத் தூக்கித் திண்ணையில் வைத்த வேகத்தில் அப்பத்தாவுக்கு முழங்கால் வலி இருப்பதையே மறந்துபோனோம். ஆகவே எடுக்கக்கூடாத தூசிக்கும் ஒரு சோதனை தேவை. அரிசி மாவு அரைக் கைப்பிடி தூவுங்கள். தொடாமல் விலகிப் போகிற மெஷினுக்கு ஐந்து நட்சத்திரம்.

எங்கள் கோரிக்கை பெரியதல்ல: எங்கள் தூசியிலும் எளிதாக ஒரு சோதனை செய்து பாருங்கள், அவ்வளவுதான். ஹ்யூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கில எஞ்சினியர் 1901-இல் இந்த மெஷினுக்கு வழி கண்டபோது அவரிடம் தரநூல் இல்லை. ஓட்டல் நாற்காலியில் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சி, கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தார். அவர் கட்டிய முதல் மெஷின் குதிரை வண்டியில் வந்து தெருவில் நின்றுகொள்ளும். குழாய் மட்டும் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். எங்கள் வீட்டு நீளத்துக்கு அதுதான் சரியான மாடல். மெஷின் தெருவில் நின்றால் சாம்பிராணியும் தெருவோடு போகும். ஐந்து மீட்டர் வயரைக் கொடுத்துவிட்டு ‘நீண்ட வயர்’ என்று பெட்டியில் அச்சடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்போதைக்கு உள்ளூர் எலக்ட்ரீசியன் தம்பி ஒருவர் பெயின்ட் வாளி ஒன்றில் இரண்டு ஓட்டை போட்டு, குழாய்க்கும், கருகியதற்குப் பதிலாக வாங்கிய புது மெஷினுக்கும் நடுவே மாட்டிக் கொடுத்திருக்கிறார். காற்று வாளிக்குள் சுழல்கிறது. கனமானது அடியில் விழுகிறது. மெலிந்தது மட்டும் மெஷினுக்குப் போகிறது. மெஷினுக்குள் துணிப் பை, அதற்குப் பின்னால் ஹெப்பா. ‘மாதிரி’ அல்ல, நிஜம். சோதனைக்கூடமும் தயார். இடம், எங்கள் வளவு. நேரம், காலை பத்து. ஜான் டிண்டால் 1870-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சிக் காற்றில் தூசியைக் காட்டினார். எங்களுக்கு அந்த ஒளிக்கற்றையைச் சூரியன் இலவசமாகத் தருகிறது. பின்பக்கம் புகை வந்தால் தோல்வி. வராவிட்டால் காபி.

உங்கள் இரண்டு குழுவும் ஒருமுறை நேரில் வந்தால், வீட்டுத் தூசிக்காரர்கள் முகப்பிலும் கட்டடத் தூசிக்காரர்கள் இரண்டாம் கட்டிலும் தங்கலாம். நடுவில் எல்லைக்கோடு போடப்போவதில்லை. யார் யாருடைய தூசியில் தும்முகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பங்கு வீட்டுக்காரன்.

இணைப்பு: கீழச்சிவல்பட்டிக் கலவைத் தூசி, ஒரு பாட்டில். சோதனைக்கு டோலமைட்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தவும். தபால் ஆபீஸில் பொருளின் மதிப்பு என்ன என்று கேட்டார்கள். சுண்ணாம்பு, பர்மாத் தேக்கு, கருப்பட்டி, முட்டை என்று கூட்டிப் பார்த்துவிட்டு, மதிப்புக் கூடிப்போகும்போல இருந்ததால் ‘மாதிரிச் சரக்கு’ என்று எழுதிவிட்டேன்.

பின்குறிப்பு: சோதனை முடிந்ததும் பாட்டிலைத் திருப்பி அனுப்பவும். மாவடு போட அப்பத்தா தேடுகிறார். மூடியோடு.