குட்ஸ் குறுக்கிடும் விதி: ரயில் படமெடுப்போர் ஒழுக்கம் பற்றிய ஓர் ஆய்வு

ரயிலை ஏறிப் போகும் பொருளாகக் கருதுவோரே நாட்டில் பெரும்பான்மையர். அதை நின்று படமெடுக்கும் பொருளாகக் கருதும் சிறுபான்மையர் 'ரயில்ஃபேன்' எனப்படுவர். இவர்தம் ஒழுக்கம் எத்திணையின்பாற்படும் என்பதை இலக்கணிகள் கூறாது விட்டமையின், இக்கட்டுரை எழுந்தது.

முதற்பொருள்: நிலம், ஜோலார்பேட்டைப் பக்கம் ஏலகிரி மலை பின்னணியில் விழும் இரட்டைத் தடம். அதிலும் ரயில்வே எல்லைக்கு வெளியே. அத்துமீறி உள்ளே கால்வைத்தால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு பாயும். பொழுது, வெயில் முதுகில் அடிக்கும் காலையும் மாலையும்.

கருப்பொருள்: வாப்-7 எஞ்சின், வேக்-9 எஞ்சின், மின்கம்பம், டெலி லென்ஸ், கருவேல முள்.

உரிப்பொருள்: இருத்தலும் இரங்கலும். இருத்தல் வெளிப்படை. இரங்கலுக்குக் காரணம் வருமாறு: காத்திருந்த எக்ஸ்பிரஸ் அப்பால் தடத்தில் தலைகாட்டும் நொடியில், இப்பால் தடத்தில் எதிர்த்திசைக் குட்ஸ் ஒன்று வந்தே தீரும்.

இது தற்செயல் அன்றோ எனின், அன்று. நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகன் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 10.7 மீட்டர். 58 வேகன் கோத்தால், எஞ்சினோடு 640 மீட்டர். மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் அது கண்ணெதிரே கடக்க 51 விநாடி. 22 எல்.எச்.பி. பெட்டி கொண்ட எக்ஸ்பிரஸோ எஞ்சினோடு 550 மீட்டர், 110 கி.மீ. வேகத்தில் 18 விநாடியில் ஓடிவிடும். ஒரு குட்ஸின் மறைவில் ஓர் எக்ஸ்பிரஸ் முழுதும் தாராளமாகப் போகலாம்.

அட்டவணை பார்த்துத் தப்பலாமே எனின், வெளியிடப்படும் அட்டவணை பயணிகள் வண்டிக்கே உண்டு. குட்ஸை, பாதை கிடைத்தபோது செக்‌ஷன் கன்ட்ரோலர் விடுவார்.

அங்ஙனமாயின் குட்ஸையே படமெடுத்தால் என்ன? கணக்கு இசைகிறது: எக்ஸ்பிரஸ் குறுக்கே வந்தாலும் மறைப்பது 18 விநாடி, மிச்சம் 33 விநாடி நம்முடையது. ஆனால் குட்ஸுக்கென்று போன நாளில் குட்ஸ் வராது என்பது துணைவிதி.

முடிபு: இக்கலைக்கு இன்றியமையாத கருவி லென்ஸ் அன்று; லெவல் கிராஸிங் கேட்கீப்பரின் நட்பே. ஸ்டேஷன் மாஸ்டர் ஃபோன் செய்து கேட்டை மூடச் சொல்வது கேட்கீப்பரிடம். எத்தடத்தில் எது வருகிறது என்று தடத்தோரம் நிற்போருள் முன்கூட்டி அறிபவர் அவரே. ஆகவே லென்ஸ் வாங்கச் சேர்த்த தொகையில் ஒரு பங்கை அவருக்கு டீயும் வடையும் வாங்கித் தரும் வகைக்கு மாற்றுமாறு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.